ஃப்ளோராவின் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

"உக்காருங்க ஃப்ளோரா," என்றார் சாரா மேடம்.

"இருக்கட்டும் மேடம், நிக்கிறேன்."

"கையில கட்டோட எதுக்கு நிக்கணும்? உக்காருங்க."

"கையிலதான மேடம் கட்டு. காலுல இல்லியே."

சாரா மேடம் ஜெமிமாவைப் பார்த்தார். அத்தையின் பையைச் சுமந்துகொண்டு கூட வந்தவள் என்பதைத் தவிர அந்த அறையில் ஜெமிமாவுக்கு வேலை எதுவும் இல்லை. இரண்டு பேரில் ஒருத்தியாவது உட்கார்ந்தால் பேச்சு நகரும் என்று நினைத்து அவள் உட்கார்ந்தாள்.

"அந்தச் சைக்கிள் வேணாம்னு நான் போன வருஷமே சொன்னேன்."

"சைக்கிள் இன்னா மேடம் பண்ணுச்சி? ரோடு பண்ணுச்சி."

"முன்னாடி ஷாக் இறுகிப் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா. அத்த மாத்திட்டா சரியாப் பூடும்."

"கை?"

"அதுவும் சரியாப் பூடும்."

சாரா மேடம் பேனாவை மூடி வைத்தார். "இங்க பாருங்க. கம்ப்யூட்டர்ல பேர் ஏத்துற எடம் காலியா இருக்கு. ஃபேன் இருக்கு. வெயில் இல்ல, லாரி இல்ல. சம்பளம் இதேதான். கை ஆறுற வரைக்கும் அதப் பாருங்க. அப்புறமும் அதையே பாத்துக்கலாம்."

"அப்புறமுமா?"

"உங்களுக்கும் வயசாகுதுல்ல."

"எண்ணூர் பக்கம் யாரு போவாங்கோ?"

"ஸ்கூட்டர் வெச்சிருக்க ஒரு பொண்ணப் போட்டிருக்கேன்."

"ஸ்கூட்டர் போனா கதவு தொறக்காது மேடம்."

"இந்த மாசக் கடைசித் திங்கக்கிழமை, யாருக்கு எந்தத் தெருன்னு நான் பிரிச்சாகணும். கை தாங்குற மாதிரி வண்டி இருக்குன்னு அதுக்குள்ள சொல்லுங்க. உங்க தெருவ உங்களுக்கே தரேன். இல்லன்னா..." மூலையில் கிடந்த நாற்காலியைக் காட்டினார். நீல ரெக்சின் போட்டது, அடியில் சக்கரம் வைத்தது.

ஃப்ளோரா அதை ஏற இறங்கப் பார்த்தாள். "சக்கரம் கீதே மேடம். இதுலயே எண்ணூர் பூட்டு வந்துடட்டா?"

சாரா மேடம் சிரித்துவிட்டார். சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் ஃப்ளோரா பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடக்க ஆரம்பித்தாள். பஸ் இந்தப் பக்கம் என்று ஜெமிமா சொன்னது அவள் காதில் விழவில்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை, கழுத்திலிருந்து தொங்கும் துணியில் வலது கையைத் தாங்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளின் ஓரமாகவே நடந்தாள். "குந்தச் சொல்றாங்கோ," என்று மட்டும் நடுநடுவே சொன்னாள். "என்னப் போயி குந்தச் சொல்றாங்கோ."

அது லேசில் நடக்கிற காரியம் இல்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரா பூசையில்கூடக் கோயிலின் பின்கதவுப் பக்கம் நின்றபடிதான் இருப்பாள். பிரசங்கம் நீண்டால் மெதுவாக வெளியே போய், சிலுவை நிற்கும் குருசடியைச் சுற்றி வந்து, காணிக்கை நேரத்துக்கு உள்ளே வந்துவிடுவாள். கலியாண வீட்டில் பரிமாறுகிற சாக்கில் நின்றே சாப்பிட்டு முடிப்பாள். இளம்வயதில் தண்டையார்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு நாள் மதியம் டீக்கு எழுந்து போனவள் திரும்பவே இல்லை. தையல் நன்றாகத்தான் இருந்ததாம். "முதுவுக்குப் பின்னால யாரோ நிக்கிறா மாதிரியே இருந்திச்சி," என்பாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறாளே என்று போய்விட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவளும் அவள்தான். அண்ணன் வீட்டு மாடி அறையில், அண்ணன் மகள் ஜெமிமாவுக்குப் பக்கத்து அறையில், இப்போதும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

அவளுக்குப் பொருந்திய ஒரே வேலை காசநோய் வேலை. சாரா மேடம் பொறுப்பிலிருக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். நோயாளிகளின் வீடு வீடாகப் போய், மாத்திரையைக் கண்முன்னால் விழுங்கவைக்க வேண்டும். சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்து வாங்கி வர வேண்டும். எர்ணாவூரிலிருந்து முகத்துவாரம் வரை அவளுடைய தெருக்கள். அனல்மின் நிலையத்து இளம் இன்ஜினீயர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன சிவப்பு மவுன்டன் பைக் அவளுடைய வண்டி. அவர் அதை மலையில் ஓட்டினாரோ இல்லையோ, ஃப்ளோரா சாம்பல் மேட்டிலும் மணல் சந்திலும் லாரி தோண்டிய பள்ளத்திலும் ஓட்டினாள்.

நிறுவனத்து ஸ்கூட்டரில் பெயர் எழுதியிருக்கும். அது ஒரு வாசலில் நின்றால் தெரு முழுவதும் எட்டிப் பார்க்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மறுநாளிலிருந்து தனி டம்ளர். ஃப்ளோராவின் சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு நைட்டி மூட்டை இருக்கும். நைட்டி விற்க வருகிறவள் என்றே பல தெருக்களில் நினைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கு விற்கவும் செய்தாள். அளவு காட்டுகிற சாக்கில் உள்ளே போய், கதவைச் சாத்தி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவாள்.

நெட்டுக்குப்பத்தில் பூவம்மா என்று ஒருத்தி. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறவள். ஃப்ளோரா முன்னால் நின்றால் விழுங்குவாள், இல்லாவிட்டால் மாட்டாள். ஸ்கூட்டர் பெண் போய்க் கேட்டபோது, அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று பூவம்மாவே சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். இந்தச் செய்தி வந்த அன்று ஃப்ளோரா மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தாள். மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி எண்ணூர் போனாள்.

திரும்பி வந்தவள் நேராக ஜெமிமாவிடம் வந்தாள்.

"பூட்டு வந்தேன்டி. மாமியாக்காரி வாசல்லயே குந்திகினு வலை பிரிச்சிகினு கீறா. 'நைட்டி எங்க?'ன்றா. நான் ஒரு கைய வெச்சிகினு பையும் இல்லாம வண்டியும் இல்லாம போய் நிக்கிறேன். 'கை ஒடிஞ்சி போச்சிமா, சும்மா பாத்துட்டு போலாம்னு'ன்றேன். 'சும்மா பாக்க நாங்க இன்னா சொந்தமா?'ன்றா."

"பூவம்மா?"

"ஜன்னல்ல நின்னா. இருமல அடக்கிகினு நின்னா. எனக்கே தெரிஞ்சிது." ஃப்ளோரா ஜன்னல் கம்பியைப் பிடித்து விட்டாள், மறுபடி பிடித்தாள். "இப்டியே வுட்டா அவளுக்கு மாத்திர கேக்காமப் பூடும். நீ இங்கிலீஷ் படிச்சவதான? அந்த போன்ல இன்னாத்தையோ நோண்டிகினே இருப்பியே. அந்த முன் ஷாக்கு எங்க கிடைக்கும்னு பாரு."

ஜெமிமாவுக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பில் அடிக்கிறவள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்து, பேசியிருக்க வேண்டிய வாக்கியத்தை வீட்டில் யோசிக்கிற சுபாவம். ஆனால் படிக்கச் சொன்னால் படிப்பாள். படித்தாள். படிக்கப் படிக்க, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் அந்த ஷாக்குக் கவட்டைக்கு ஃபோர்க் என்று பெயர் என்றும், அது கடையில் போய் ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கும் சாமான் இல்லை என்று தெரிந்தது. பழைய சைக்கிளின் சக்கரம் இருபத்தாறு அங்குலம். இப்போது வருவதெல்லாம் அதைவிடப் பெரியது. கால்களில் பிரேக் மாட்டும் முளைகள் வேண்டும். புதியவற்றில் அவை இருப்பதில்லை. மேலே நீளும் குழாய் ஃப்ரேமின் கழுத்துக்குள் நுழைந்து ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும். அதன் தடிமனும் நீளமும் சரியாக இருக்க வேண்டும். மொத்த உயரமும் கூடக்கூடாது. கூடினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டியின் நடையே மாறிவிடும்.

டேப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய்ச் சைக்கிளின் முன்னால் குந்தினாள். ஃபோர்க்கின் மேல்கால்களில் உப்புக்காற்று அரித்து அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். ஹேண்டிலை அழுத்தினால் இறங்கவே இல்லை. உள்ளே சாம்பலும் துருவும் சேர்ந்து கெட்டித்துப்போயிருந்தன. இந்த இரும்புக்கட்டி வழியாகத்தான் ஒவ்வொரு பள்ளமும் அத்தையின் மணிக்கட்டுக்குப் போயிருக்கிறது. கடைசிப் பள்ளத்தில் எலும்பில் விரிசல் விழுந்தது.

"அளந்தியா? போலாமா?" பின்னாலிருந்து ஃப்ளோரா. செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

முதலில் போனது கண்ணாடி போட்ட பெரிய கடை. அங்கிருந்த பையன் ஒரு ஃபோர்க்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். மின்னியது. அதன் மேல்குழாய் அடியில் தடித்து மேலே போகப் போக மெலிந்திருந்தது. பழைய ஃப்ரேமின் கழுத்தோ மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். புனலைக் கொண்டுபோய் மூங்கிலுக்குள் செருக முடியாது.

"இந்த மாடல் எல்லாம் நின்னுபோச்சுக்கா. புது சைக்கிளா எடுத்துருங்களேன்."

"உங்க வூட்ல மூட்டு வலின்னா ஆளையே மாத்திடுவீங்களா தம்பி?" என்றாள் ஃப்ளோரா. பையன் பதில் சொல்வதற்குள் அவள் கடைக்கு வெளியே போய்விட்டாள்.

"ஏன் அத்த, புதுசு வாங்கினாதான் என்ன?" என்று ஜெமிமா வழியில் கேட்டாள். அவளுக்கு அது உண்மையான சந்தேகம்.

"புதுசுன்னா எல்லாரும் பாப்பாங்கோ. எவ்ளோ, எங்க வாங்கின, ஒரு ரவுண்டு குடுன்னு கேப்பாங்கோ. இது நின்னா நாய்கூட திரும்பிப் பாக்காது. அதான் எனக்கு வேணும்."

அடுத்த கடையில் சக்கரத்துக்கு வேறு அச்சு கேட்டது. அதற்கடுத்த கடையில் முளை இல்லை. ஒரு கடைக்காரர் எல்லாம் பொருந்தும் என்று அடித்துச் சொன்னார். ஜெமிமா டேப்பை வைத்ததும் பொருந்தாது என்றார். ஃப்ளோரா எந்தக் கடையிலும் நிற்கவில்லை. ஜெமிமா உள்ளே அளந்துகொண்டிருப்பாள், இவள் தெருக்கோடிவரை போய்த் திரும்பியிருப்பாள்.

அப்புறம் ஃப்ரெடி சித்தப்பா இதில் நுழைந்தார்.

ஃப்ரெடி ஃப்ளோராவுக்கு நேர் இளையவர். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறார். விசைப்படகின் இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் தேய்ந்தாலும் வளைந்தாலும் உடைந்தாலும் அவரிடம்தான் வரும். ஒரு மாலை போன் செய்தார். "அக்கா, கெளம்பி வா. உன் சாமான் கெட்ச்சிருச்சி."

புளியந்தோப்பில் பழைய இரும்பு லாட் ஒன்றில் எடுத்தாராம். தங்க நிறக் கால்கள். அழுத்தினால் பூனைபோல இறங்கி எழுந்தது. ஜெமிமா அளந்தாள். சக்கர அளவு சரி. முளைகள் இருந்தன. மேல்குழாய் ஒரே அகலம். ஃப்ளோரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"குழாய் குட்டையா இருக்கு சித்தப்பா. ரெண்டு விரல்கட்டை பத்தாது. இது சின்ன ஃப்ரேமுக்கு வெட்டினது. கழுத்துக்கு மேல ஹேண்டில் பிடிக்க எடமே இருக்காது."

ஃப்ரெடி சிரித்தார். "அட இவளே! கொறஞ்சா கூட்டிக்கினா ஆச்சி. இங்க இன்னா தொழில் பண்றோம்? இவ்ளோ தண்டி ஷாஃப்ட்டுக்கே ஜாயின்ட் போட்டு கடலுக்கு அனுப்புறோம். இது இன்னா, மூக்குல வுடுற குழா."

"போட்றா ஃப்ரெடி," என்றாள் ஃப்ளோரா.

ஜெமிமா ஏதோ சொல்ல வந்தாள். லேத் ஓட ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை போனபோது வேலை முடிந்திருந்தது. உள்ளே ஒரு இரும்புத் துண்டைச் செருகி, சுற்றிலும் வெல்டு வைத்து, தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். எங்கே ஒட்டினார் என்று தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தி. சிவப்புச் சைக்கிளும் அங்கேதான் நின்றது. ஃப்ளோரா ஃபோர்க்கை இடது கையால் தூக்கி, மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"மாட்டு. இப்பவே மாட்டு. நாளைக்கே நான் ஒத்தக் கையில ஓட்டிடுவேன்."

"மாட்ட வேணாம்," என்றாள் ஜெமிமா.

பட்டறையில் இருவரும் திரும்பினார்கள். அவள் இவ்வளவு பலமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அவளுக்குமே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. படித்த இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான்: இந்தக் குழாயை நீட்டக்கூடாது. ஆனால் அதைச் சொன்னால் சித்தப்பாவிடம் எடுபடாது. இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுவான் என்பார். அவள் வேறு மாதிரி கேட்டாள்.

"சித்தப்பா, கடல்ல படகோட ஷாஃப்ட் உடைஞ்சா என்ன ஆகும்?"

"இன்னா ஆவும்? போட்டு நிக்கும். ஒயர்லெஸ்ல கூப்டுவாங்கோ. வேற போட்டு போய் கயிறு கட்டி இஸ்துகினு வரும்."

"ஆளுக்கு?"

"ஆளுக்கு இன்னா? பேஜாரு, ஒரு நாள் மீன் போச்சி. அவ்ளோதான்."

"இது உடைஞ்சா?"

ஃப்ரெடி வாயைத் திறந்தார். பட்டறை வாசலுக்கு எதிரே எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். ஹேண்டில் கையோடு வந்துவிட, முன்சக்கரம் தனியாக ஓட, அக்கா லாரிக்கு முன்னால் விழுவதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் ஒடையாதுடி!" என்றாள் ஃப்ளோரா. "இவன் போட்ட ஜாயின்ட்டு என்னிக்கு ஒடைஞ்சிருக்குது? நீ சொல்றா!"

ஃப்ரெடி ஃபோர்க்கை அவள் கையிலிருந்து வாங்கினார். வைஸில் வைத்து இறுக்கினார். ஆள் உயரப் பைப் ஒன்றை எடுத்து மேல்குழாயின்மேல் செருகினார். பைப்பின் நுனியைப் பிடித்துத் தொங்கினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபக்கம் போய்த் தொங்கினார். திரும்ப இந்தப் பக்கம். ஃப்ளோராவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"பாத்தியா? பாத்தியாடி? நான் சொன்னேனா இல்லியா..."

டக் என்று ஒரு சத்தம். தேங்காய் உடைவதைவிடச் சின்னது. வெல்டு உடையவில்லை, வெல்டுக்குப் பக்கத்தில், சூட்டில் வெந்த பழைய குழாய், முடி போல ஒரு கோடு விட்டிருந்தது. ஃப்ரெடி இன்னொரு தரம் தொங்கினார். கோடு வாய் பிளந்தது.

ஃப்ரெடி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஃப்ளோரா வெளியே போனாள். ஏலக்கூடத்துப் பக்கம் போய், ஐஸ் வண்டிகளுக்கு நடுவே புகுந்து, துறைமுகச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தாள். வந்து, "இப்ப இன்னா பண்றது?" என்றாள். ஃப்ரெடியிடம் கேட்கவில்லை. ஜெமிமாவிடம் கேட்டாள்.

ஒரு வாரம்தான் இருந்தது. வேலை நேரத்தில், பில்களுக்கு நடுவே, ஒளிந்து ஒளிந்து கடைகளுக்குப் போன் செய்தாள். போனில் பேசுவதென்றால் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். முதலில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு நாளில் எழுதாமலே வந்தது. பெரும்பாலும் 'இல்லை'தான். சிலர் சிரித்தார்கள். பாரிமுனை பக்கம் திருமலை என்ற கடைக்காரர் மட்டும், "பழைய ஸ்டாக்கு மேல பரண்ல கெடக்கும்மா. என்னா கெடக்குதுன்னு எனக்கே தெரியாது. நீயே வந்து பாத்துக்க," என்றார்.

அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் வந்து கடையை மூன்று சுற்று சுற்றுவாள்.

திருமலை ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் கீழே நீட்டினார். செய்தித்தாள் சுற்றியிருந்த ஃபோர்க்குகள். ஒன்று மெல்லிய பழைய மாதிரி, குழாயில் மரை போட்டது, ஆகாது. ஒன்றில் முளை ஒடிந்திருந்தது. மூன்றாவதைப் பிரித்தபோது கிளிப்பச்சை நிறம் வந்தது. கண்ணைக் குத்தும் பச்சை.

"இத யாரும் எடுக்கலம்மா. கலரப் பாத்தே ஓடிட்டான் எல்லாம்."

ஜெமிமா டேப்பை வைத்தாள். சக்கர அளவு சரி. முளைகள் உண்டு. அச்சு பொருந்தும் வாய். மேல்குழாய் ஒரே அகலம். யாரும் வெட்டாத முழு நீளம். உயரம், பழையதைவிட ஒரு நகக்கண் அதிகம், அது பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரு தரம் அளந்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் அளந்தாள்.

"வெயிட்டு ஜாஸ்தி," என்றார் திருமலை. "உள்ள ஸ்பிரிங்குதான், காத்து கெடையாது. ரேஸ் கீஸ் வுடுறதுன்னா வேணாம்."

"ரேஸ் இல்லைங்க. எண்ணூர்."

"எண்ணூரா?" அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "அப்ப வாரம் ஒரு தபா காலைத் தொடச்சி எண்ண போடணும். போட்டா ஓடும். போடலன்னா உப்பு தின்னுரும்."

பச்சை ஃபோர்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்துச் சீட்டு அம்மா, இதென்ன மரம் ஏறுவதற்கா என்று கேட்டார். ஜெமிமா ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

ஃப்ளோரா அதைப் பார்த்ததும், "ஐய, கலீஜா கீதே," என்றாள். ஆனால் அதைத் தரையில் ஊன்றி அழுத்தினாள். இறங்கியது. ஏறியது. மறுபடி அழுத்தினாள். "செவப்பு வண்டிக்குப் பச்ச மூக்கு. கிளியத் திருப்பிப் போட்டா மாதிரி இருக்கும்." பிறகு அன்று முழுவதும் மாடிக்கு வரும்போதும் போகும்போதும் அதை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஃப்ரெடி அன்று அதிகம் பேசவில்லை. பழைய ஃபோர்க்கின் மேல்குழாய் அடியிலிருந்த பேரிங் வளையத்தை மெல்லத் தட்டி எடுத்துப் புதியதில் ஏற்றினார். மேல்குழாய் நீளமாக இருந்தது; வெட்ட வேண்டும். இரும்பு ரம்பத்தை வைத்துவிட்டு எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எங்க வெட்டட்டும்?" என்று ஜெமிமாவிடம் கேட்டார்.

"கொஞ்சம் மேலயே வெட்டுங்க சித்தப்பா. அதிகமா இருந்தா பரவாயில்ல."

மேலேயே வெட்டினார். மிச்ச உயரத்துக்கு, படகு புஷ்ஷில் மிஞ்சிய பித்தளையை லேத்தில் கடைந்து வளையங்கள் செய்து அடுக்கினார். ஹேண்டில் உட்கார்ந்தது. சக்கரம் நேராக நின்றது. பிரேக் பிடித்தது. பச்சையும் சிவப்பும் பித்தளையுமாக வண்டி திருவிழாத் தேர்போல இருந்தது.

ஆனால் ஓட்டுவதற்கு ஃப்ளோராவால் முடியாது. கட்டு பிரிக்கப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் திங்கள், சாரா மேடம் பெயர்களைப் பிரிக்கிற நாள். கை தாங்குமா என்று கைக்குத்தானே தெரியும்? ஃப்ளோரா கட்டை அவிழ்த்துவிடுகிறேன் என்றாள். ஃப்ரெடி அரிவாள் எடுப்பேன் என்றார். இருவரும் கத்தினார்கள். பக்கத்துப் பட்டறையில் வானொலியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். திங்கட்கிழமை ஃப்ளோரா அலுவலகத்தில் நின்றபடியே சொன்னாள்: வண்டி நன்றாக இருக்கிறது, எர்ணாவூர் தாண்டி லாரிகள் திரும்பும் ஒரு துண்டு ரோட்டில் மட்டும் மணிக்கட்டு வலிக்கும். வலிக்கும் என்று நீங்களே சொல்கிறீர்களே என்று சாரா மேடம் கேட்டார். "அங்க எறங்கித் தள்ளிகினு போவேன் மேடம். வலிக்காதுன்னு சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா?" சாரா மேடம் பேனாவைத் திறந்தார். பிறகு ஃப்ளோராவின் தெருக்களை ஃப்ளோராவுக்கே எழுதினார். நீல நாற்காலியில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறதாம். பூவம்மா மாத்திரையை முழுக்க முடித்தாள். ஃப்ளோரா இப்போதும் காலை வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைக் கால்களைத் துடைத்து எண்ணெய் போடுவது ஜெமிமாவின் வேலை. அந்த அளவு நேரம்கூட அத்தையால் ஓரிடத்தில் இருக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் கத்தல் ஓய்ந்த பிறகு, ஃப்ளோரா ஜெமிமாவின் வலது கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடையில் சாமான் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"ஜெம்மி, ஒண்ணு கேக்குறேன், முடியாதுன்னு சொல்லாத. உன் கைய எனக்கு இன்னிக்கு ஒரு நாளு குடு. எண்ணூர் வரைக்கும் நீ ஓட்டினு போ. நான் போற ரோட்லயே போ, நல்ல ரோடு தேடாத. வலிச்சா எங்க வலிச்சிதுன்னு வந்து சொல்லு. அத்த பாவம்னு மாத்திச் சொன்ன, உன்னாண்ட பேசவே மாட்டேன். அப்டியே நெட்டுக்குப்பம் போயி, பூவம்மா வூட்டு செவுத்துல வண்டிய சாச்சி வெச்சிடு. உள்ள போவாத. அவளக் கூப்டாத. மாமியாக்காரி கேட்டா, காத்து எறங்கிப்போச்சி, ஆள் வரணும்னு சொல்லு. வண்டி வந்துடுச்சின்னு அவ பாக்கணும், அவ்ளோதான். அவ வெளிய வந்து பாக்குற வரைக்கும் நீ அங்கயே நில்லு. நான் போனா நிக்க மாட்டேன்டி. நீ நிப்ப."